கழுத்து வரைக்கும் ஆயில்

எங்கள் தெருவில் கொசு மருந்து மெஷின் சத்தம் கேட்டால் போதும், பிள்ளைகளுக்குத் திருவிழாதான். புகைக்குள் புகுந்து, கூச்சல் போட்டு, இருமிக்கொண்டே வெளியே வருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் அப்படித்தான் ஓடிவந்தார்கள். பாவம், ஏமாந்தார்கள். புகை விட்டுக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுக் கார்.

ஏதோ கொஞ்சம் புகை என்று நினைக்காதீர்கள். வெள்ளையும் நீலமுமாகக் கிளம்பி, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த புடவைகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, தெருமுனை வேப்பமரம் வரைக்கும் போய்விட்டது. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று திட்டுவது கேட்டது, ஆள் தெரியவில்லை.

கார் பக்கத்தில் என் வீட்டுக்காரர் குமரேசன் காலி ஆயில் டப்பாவோடு நின்றிருந்தார்.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. ஆயில் ஊத்தனேன்."

"எவ்ளோ ஊத்தனீங்க?"

"கழுத்து வரைக்கும்" என்றார், பெருமையாக.

அதற்குள் என் மாமனார் மாட்டுத் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டுகொண்டு, "பத்திக்கப் போவுது, எல்லாம் எட்டப் போங்கடா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். "நைனா, வேணாம் நைனா!" என்று இவர் தடுப்பதற்குள் தண்ணீர் பாதி காரின் பின்பக்கத்திலும் பாதி இவர் மேலும் விழுந்தது. இவர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். புகை நிற்கவில்லை.

மாமா வாளியைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காரு வேணும்னு கேட்ட மணலூர்பேட்டை ஆளுக்குப் போன் பண்ணி, வர்ற ஞாயித்துக்கெழம வரச் சொல்றேன். இந்தச் சனியனக் குடுத்து அனுப்பிடப் போறேன். இனிமே இதப்பத்தி வூட்ல யாரும் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு எனக்கு அதோடு போய்விட்டது.

விருந்தாளி அம்மா

எனக்கு மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்ததையும், முதல் நாள் கரும்பலகையில் என் பெயரை எழுதப்போய் சாக்பீஸ் உடைந்ததையும் போன வாரங்களில் எழுதியிருந்தேன். அதையெல்லாம் படிக்காதவர்களுக்கு இது போதும்: எங்கள் வீடு கச்சிராயபாளையம். பள்ளிக்கூடம் வெள்ளிமலைக்குப் பக்கம். நடுவில் கல்வராயன் மலை. அப்போது நாங்கள் விழுப்புரம் மாவட்டம்.

மலைக்குப் பஸ் உண்டு. ஆனால் அது வருகிற நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள். காலை பஸ்ஸில் போனால் முதல் மணி அடித்திருக்கும். கடைசி மணி அடித்து ஓடிவந்தால் கீழே இறங்குகிற பஸ் போயிருக்கும். அதனால் மற்ற டீச்சர்களைப் போல நானும் மேலேயே ஒரு அறையில் தங்கி, வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்தேன்.

என் மகள் கயலுக்கு அப்போது பேச்சு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை நான் படியேறினால் அத்தையின் (என் மாமியார்) முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்வாள். அங்கிருந்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்ப்பாள். சனிக்கிழமை மத்தியானம் மெதுவாக மடிக்கு வருவாள். ஞாயிறு முழுக்க என்னை விடமாட்டாள். திங்கட்கிழமை விடிந்ததும் அவளை அழவிட்டுவிட்டு நான் பஸ் ஏறுவேன். பெற்ற பிள்ளைக்கு நான் வாராவாரம் வந்துபோகிற விருந்தாளி. பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு நான் அழாத திங்கட்கிழமை இல்லை.

இதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் அந்தக் காரை வாங்கினார். சென்னையில் அவருடைய சிநேகிதர் ஒருவர் கைக்கு வந்த பழைய வெளிநாட்டுக் கார். கறுப்பு நிறம், உள்ளே தோல் சீட்டு. ஊரில் எல்லோரும் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பழசு என்பதால் விலை கம்மி, வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் கத்தும், பெல்ட் போடாவிட்டால் கத்தும்.

கோமுகி அணையின் உள்வாய் கோடையில் காய்ந்து கிடக்குமே, அந்த வெட்டவெளியில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மோதுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அப்படியும் மேய்ந்துகொண்டிருந்த ஒரு எருமை என்னைப் பார்த்து வழியை மாற்றிக்கொண்டு போனது. லைசென்ஸ் எடுத்து, இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மலை ஏறிப் பழகி, பிறகு தனியாகப் போக ஆரம்பித்தேன். காலையில் சோறு கட்டிக்கொண்டு போய், சாயங்காலம் கயலுக்குத் தலை வாரிவிட வந்துவிடுவேன். எனக்கு வேறென்ன வேண்டும்!

ஊதுகுழல்

அந்தக் காரில் ஒரு விசேஷம் இருந்தது. இன்ஜினோடு ஒட்டினாற்போல ஒரு சின்னப் பொறி, சூப்பர்சார்ஜர் என்று பெயர். எனக்கு இவர் புரியவைத்தது இப்படி: "அடுப்பு மந்தமா எரிஞ்சா ஊதுகுழல்ல ஊதறியா இல்லியா? அப்போ குபுக்குனு பத்திக்குது இல்ல? அதேதான். இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி ஊதுது. சின்ன இன்ஜினு, பெரிய இன்ஜினாட்டம் இழுக்கும்."

நிஜமாகவே இழுத்தது. மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் 'ஊய்ங்' என்று ஒரு சீட்டிச் சத்தம் கிளம்பும், முதுகை யாரோ தள்ளுவது தெரியும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அதற்கு 'விசில் வண்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விசில் கேட்டதும் மரத்தில் இருப்பவன் இறங்கிவிடுவான். எனக்கு அது ரொம்ப சௌகரியம்.

சில மாதத்தில் விசிலோடு இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. வண்டி நிற்கும்போது முன்பக்கம் 'கடகட கடகட' என்று, கொட்டாங்குச்சியில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி. கள்ளக்குறிச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். மூடியைத் திறந்து பார்த்தார், மெதுவாக மூடினார். "அண்ணே, இதுல நான் கைய வெச்சா உங்க வண்டியும் போவும், என் பேரும் போவும்" என்று கும்பிட்டுவிட்டார். சென்னையில் விசாரித்தால், முழுப் பொறியையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னார்கள். அதன் விலைக்கு இன்னொரு பழைய கார் வாங்கிவிடலாம்.

"வுடு, நாமளே பாத்துக்கலாம். காத்து அமுக்கற மெஷினு நமக்குப் புதுசா?" என்றார் இவர்.

அங்கேதான் வந்தது வினை.

எங்கள் வீட்டுச் சட்டம்

எங்கள் நிலத்தில் போர் போட்ட கிணறு. தண்ணீர் ரொம்ப ஆழத்துக்குப் போய்விட்டதால் கம்ப்ரசர் வைத்துத்தான் எடுப்போம். மேலே மோட்டார் ஓட, கம்ப்ரசர் காற்றை அமுக்கிக் குழாய் வழியாக ஆழத்துக்கு அனுப்பும். காற்று தள்ளத் தள்ள, தண்ணீர் விட்டு விட்டுத் துப்பிக்கொண்டு மேலே வரும். எங்கள் பக்கத்தில் பாதிக் கரும்பு அப்படி வளர்ந்ததுதான்.

என் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கோடையில் அந்தக் கம்ப்ரசரில் ஆயில் குறைந்து, யாரும் கவனிக்காமல், இறுகி நின்றுவிட்டதாம். சரிசெய்து வருவதற்குள் வெட்டுக்கு நின்ற கரும்பு காய்ந்துபோனது. மாமா அந்த வருஷம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை சொல்வார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். கம்ப்ரசர் என்றால் ஆயில் கழுத்து வரைக்கும் இருக்க வேண்டும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதற்கு முன்னால் ஆயில் ஊற்றுவார்கள். மழை வந்தால் ஊற்றுவார்கள், வெயில் வந்தால் ஊற்றுவார்கள். மாமா ஊரில் இல்லாவிட்டால் போனில் கேட்கிற முதல் கேள்வி, "ஆயிலு ஊத்துனியா?" பேத்தி பால் குடித்தாளா என்பது அடுத்த கேள்வி.

அந்தச் சட்டத்தைத்தான் இவர் கார் மேல் போட்டார். சூப்பர்சார்ஜர் மூக்கில் ஒரு சின்ன மூடித் திருகு இருந்தது. வண்டியை வாசல் சரிவில் நிறுத்தி, அது சூடாக இருக்கும்போதே திறந்து, கிணற்றுக் கம்ப்ரசருக்கு வைத்திருந்த ஆயிலை வழிய வழிய ஊற்றினார். காருக்குள் இருக்கிற ஊதுகுழலுக்கு ஒரு சின்ன டீ கிளாஸ் ஆயில்கூட வேண்டாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? மிச்ச ஆயில், கசிவைத் தடுக்கிற ரப்பர் சீலைத் தாண்டி, காற்றோடு காற்றாக இன்ஜினுக்குள் போய் எரிந்தது. தெரு முழுக்கப் புகை.

மாமா போட்ட சட்டத்தால் வந்த புகை என்று மாமாவிடம் யார் சொல்வது?

பாறைமேல் படிப்பு

காரை விற்கவேண்டும் என்று மாமா சொன்னது தெருவில் ஆன அவமானத்துக்காக மட்டும் இல்லை. அவருக்கு மலைப்பாதை என்றால் பயம். வாலிபத்தில் கடுக்காய் மூட்டை ஏற்றிய லாரியில் மேலிருந்து வரும்போது பிரேக் பிடிக்காமல், மண்மேட்டில் மோதி நின்றதாம். யாருக்கும் அடியில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் மலைப்பக்கமே போனதில்லை. நான் தினமும் போய்வருவது அவருக்குத் தினமும் ஒரு கண்டம். சாயங்காலம் கார் வருகிற வரைக்கும் வாசலில் நிற்பார், வந்ததும் ஒன்றும் நடக்காதது மாதிரி மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார்.

"மேலயே தங்கட்டும்டா. வாரத்துக்கு ஒருவாட்டி வந்தா போதாதா? உசுரு முக்கியமா, இல்லியா?" என்று இவரிடம் சொல்வது எனக்குக் கேட்கும். கோபப்படவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

திங்கட்கிழமை மறுபடி பஸ். மறுபடி கயல் அழுகை. மறுபடி அந்த அறை.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அந்த ஊரில் போன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். மாலை நேரத்தில் அங்கே ஏறி உட்கார்ந்து, சூப்பர்சார்ஜரை வீட்டிலேயே பிரித்துக் காட்டுகிற வீடியோக்களைப் பார்த்தேன். படம் நகரும், நிற்கும், சுற்றும், மறுபடி நகரும். எந்த ஊர்க்காரனோ எந்தப் பாஷையிலோ பேசினான். கையைப் பார்த்தால் போதாதா? ஸ்பேனரைப் பிடித்த கைக்கு பாஷை எதற்கு?

கடகட சத்தத்துக்குக் காரணம் ஆயிலே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பெல்ட் சுற்றுகிற சக்கரத்துக்கும் உள்ளே சுற்றுகிற உருளைக்கும் நடுவில் ஒரு சின்ன வில்லை இருக்கிறது, ஓட்டைகள் போட்ட வில்லை. இரண்டு பக்கத்து முளைகளும் அந்த ஓட்டைகளில் உட்காரும். ஓட்டை தேய்ந்தால் முளை ஆடும், ஆடினால் கடகட. அவ்வளவுதான் சங்கதி. இதற்காகவா முழுப் பொறியையும் தூக்கிப்போடச் சொன்னார்கள் என்று பாறைமேல் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, டீச்சருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை இறங்கும்போது தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, ஆய்வகத்து வெர்னியர் அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுப் படி ஏறினேன். கயல் அத்தையின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். ஒரே வாரம்தான். ஒரே வாரத்தில் நான் பழையபடி விருந்தாளி ஆகிவிட்டேன். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மலையையே பெயர்த்து வைத்திருப்பேன்.

மாட்டு ஊசியும் ரசமட்டமும்

சனிக்கிழமை விடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். அதற்கு முன்னால் எங்களுக்குள் ஒரு சண்டை.

"எதுக்குடி சரி பண்ணணும்? இப்படியே கடகடன்னு கெடக்கட்டும். அந்தாளு சத்தத்தக் கேட்டதும் ஓடிடுவான். வண்டி நம்மகிட்டயே இருக்கும்" என்றார் இவர்.

"ஓடுவாரு. அப்புறம்? திங்கக்கெழம நான் இன்னாத்துல போறது? உங்க தோள்லயா? ஓடாத வண்டி இருந்தா இன்னா, போனா இன்னா?"

"சரியாக்கிட்டா அந்தாளு தூக்கிக்கினு பூடுவாரே!"

சரிசெய்யாவிட்டாலும் போச்சு, சரிசெய்தாலும் போச்சு. "மொதல்ல கழட்டுங்க" என்றேன்.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அது எந்தச் சக்கரத்தில் எப்படிப் போகிறது என்று சுவரில் சாக்பீஸால் படம் போட்டேன். கயல் அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்தாள். திறந்த குழாய் வாயிலெல்லாம் தூசி போகாமல் பழைய வேட்டித் துணியை அடைத்தோம். உள்ளே ஒரு மணல் போனாலும் உருளைகள் ஒன்றையொன்று கீறிவிடும் என்று அத்தையிடம் சொன்னேன். அவ்வளவுதான், அத்தை விளக்குமாற்றோடு வந்து நின்று, ஒரு கோழியை அந்தப் பக்கம் வரவிடவில்லை.

ஊற்றிய ஆயிலை வெளியே எடுக்க வேண்டும். அதற்குக் கீழே திருகு கிடையாது. இவர் மாட்டுக்கொட்டகைக்குப் போய், மாட்டுக்கு மருந்து கொடுக்கிற பெரிய ஊசிக்குழாயைக் கொண்டுவந்தார். அதன் மூக்கில் மெல்லிய ரப்பர் குழாயைச் சொருகி உறிஞ்ச உறிஞ்ச, கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. "அடேங்கப்பா, தலைமுழுவலாம் போலருக்குதே" என்றேன். இவர் என்னை முறைத்தார்.

ஆயில் வருவது நின்றதும் மூக்குப் பகுதியின் போல்ட்டுகளைக் கழற்றி, மரச்சுத்தியால் செல்லமாகத் தட்டினோம். கையோடு வந்தது. நடுவில் அந்த வில்லை! ஓட்டையெல்லாம் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. எனக்குக் கோயிலில் அம்மனைப் பார்த்த சந்தோஷம்.

வெர்னியரில் அளந்து, இரண்டு தடவை சரிபார்த்து, படம் போட்டுக் கொடுத்தேன். இவர் அதை எடுத்துக்கொண்டு பைக்கில் கள்ளக்குறிச்சிக்குப் பறந்தார். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கும் ரஹீம் பாய் எங்கள் கிணற்று மோட்டாருக்கெல்லாம் கடைந்து கொடுப்பவர். கெட்டி நைலான் உருளையில் ஒரு துண்டு வெட்டிக் கடைந்தாராம். "ஏம்ப்பா, கரும்பு மெஷினுக்கா, போருக்கா?" என்று கேட்டவர், காருக்கு என்றதும் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பாட்டம் சிரித்துவிட்டுத்தான் ஓட்டை போட்டாராம்.

திரும்பி வரும்போது இவர் சரியான ஆயிலையும் தேடிப்பிடித்து வாங்கிவந்தார். சின்னப் பாட்டில். மூடியைத் திறந்ததும் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயே! எலி செத்த நாத்தம் நாறுது" என்று கோழிகளை விட்டுவிட்டு ஓடிப்போனார்கள். அந்த நாற்றம் என் கையை விட்டுப் போக நெடுநாள் ஆனது. கயல் நான் சோறு ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை.

புதிய வில்லை சிணுங்காமல் உட்கார்ந்தது. ஒட்டுப்பசை தடவி மூடி, போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ஆயில் ஊற்ற வண்டி சமமாக நிற்க வேண்டும். பக்கத்துத் தெருக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்து இன்ஜின் மேல் வைத்து, குமிழி நடுவுக்கு வருகிற வரைக்கும் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தேன். பிறகு ஊசிக்குழாயில் ஆயிலை எடுத்து, துளித்துளியாக, ஓட்டையின் கீழ் விளிம்பைத் தொடுகிற அளவுக்கு மட்டும் விட்டேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் இவர்.

"கிட்ட வந்தீங்கன்னா ஊசி உங்களுக்குத்தான்."

ஸ்டார்ட் செய்தோம். குழாய்களில் தங்கியிருந்த பழைய ஆயில் கொஞ்ச நேரம் புகைந்தது. பிள்ளைகள் மறுபடி ஓடிவந்தார்கள். புகை மெலிந்தது, நின்றது. கடகட இல்லை. காதை மூடிக்கு மேல் வைத்துக் கேட்டேன், இல்லவே இல்லை. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்த எனக்குத் திடீரென்று அழுகை வந்துவிட்டது. நாளைக்கு மணலூர்பேட்டை ஆள் வருவார். இவ்வளவு நல்ல வண்டியை யார்தான் விடுவார்கள்?

வெள்ளிமலைக்கு ஒரு வெள்ளோட்டம்

வந்தவர் நெல் வியாபாரி. நல்ல மனிதர்தான், அன்றைக்கு எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்தார், மூடியைத் திறக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டார். "மலை ஏறுமா? ஏத்திக் காட்டுங்க. தெனமும் யாரு ஓட்டறாங்களோ அவங்களே ஓட்டட்டும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தை வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். வியாபாரியும் இவரும் பின்னால் ஏறினார்கள்.

அணையைத் தாண்டுகிற வரைக்கும் மாமா வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். மேடு ஆரம்பித்ததும் கதவுப் பிடியைப் பிடித்தார். முதல் வளைவில் ஆரன் அடித்து, கியரைக் குறைத்து, மெதுவாக மிதித்தேன். 'ஊய்ங்' என்று விசில் கிளம்பியது. வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது.

பாதி வழியில் ஒரு குறுகிய வளைவில் மேலேயிருந்து பஸ் வந்துவிட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தி, பின்னால் பார்த்து, மலைச்சுவரை ஒட்டிக் கொஞ்சம் பின்வாங்கி ஒதுங்கினேன். பஸ் பக்கத்தில் வந்ததும் டிரைவர் அண்ணன் தலையை நீட்டி, "இன்னா டீச்சர், ஞாயித்துக்கெழமையும் ஸ்கூலா? ஒரு வாரமா வண்டியவே காணோம்?" என்றார்.

"வண்டிக்கு ஒடம்பு சரியில்லண்ணே!"

"இப்போ ஜோரா கீது" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

மாமா கண்ணைத் திறந்து பஸ் போன திசையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார். கதவுப் பிடியை எந்த வளைவில் விட்டார் என்று நான் கவனிக்கவில்லை. மேலே வந்தபோது அவர் இரண்டு கையும் மடியில் இருந்தன.

வெள்ளிமலையில் டீ குடிக்க நிறுத்தினோம். மாமா ரோட்டோரம் நின்று, தூரத்துச் சரிவில் விளைந்திருந்த சாமையையும் பலா மரங்களையும் ரொம்ப நேரம் பார்த்தார். காற்று சில்லென்று இருந்தது. டீக்கடை அக்கா, "டீச்சர், பாப்பாவுக்கு" என்று ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை என் கையில் திணித்தார்.

வியாபாரிக்கு வாயெல்லாம் பல். "வண்டி பிரமாதங்க. சத்தமே இல்ல. வெலைய நீங்க சொல்லுங்க, இங்கயே பேசி முடிச்சுடலாம்."

நான் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமா டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, கிளாஸைக் கீழே வைத்தார்.

"விக்கலீங்க."

"இன்னாங்க இது! போன் பண்ணி வரச் சொன்னதே நீங்கதானே?"

"ஆமாங்க. அப்போ நான் இதுல ஏறி வந்ததில்லீங்க." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இது எங்க மருமவ வேலைக்குப் போற வண்டி. உங்கள அலைய வெச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. மத்தியானம் நம்ம வூட்ல சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

இவர் சட்டென்று திரும்பி மலையைப் பார்த்தார். நான் மறைக்கவெல்லாம் இல்லை. டீக்கடை வாசலிலேயே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். வியாபாரி பாவம், பயந்துபோய், "அழாதீங்கம்மா, நான் வேற வண்டி பாத்துக்கறேன்" என்றார்.

இறங்கும்போதும் மாமா முன்சீட்டில்தான் உட்கார்ந்தார். பாதி தூரம் வந்ததும் பின்னால் திரும்பி மகனிடம், "ஆயிலு எவ்ளோடா ஊத்தியிருக்கீங்க?" என்று கேட்டார். இவர் சொன்னார். மாமாவுக்குத் திருப்தியே இல்லை.

சொப்புச் சட்டி

திங்கட்கிழமை காலையில் கயல் வழக்கம்போல அழுதாள். இன்னொரு வாரம் என்னைப் பார்க்க முடியாது என்றுதான் அவளுக்கு நினைப்பு. சாயங்காலம் நான் திரும்பியபோது வாசலில் நின்றிருந்தாள். நம்ப முடியாமல் என்னைத் தொட்டுப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமையும் நின்றிருந்தாள். அப்புறம் வந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாசலில் நிற்பது குறைந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நான் வந்து இறங்கும்போது, எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சொப்புச் சட்டியில் மண் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டி நடந்தேன். திரும்பவில்லை.

அத்தை உள்ளேயிருந்து, "கயலு, உங்கம்மா வந்துட்டா பாரு!" என்று குரல் கொடுத்தார்கள்.

சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கயல் சொன்னாள்:

"டெய்லிதான் வருதே."